எந்த உப்புங்க?

மாடு வளர்ப்பவர்களுக்குத் தீவனப் பயிற்சி முகாமாம். அதற்குத் தலைமை தாங்க என்னைக் கூப்பிட்டார்கள், நான் வர மாட்டேன் என்றேன். உடனே நம் பள்ளித் தோழர்கள் குழுவில் ஆளாளுக்கு நியாயம் பேசியிருக்கிறீர்கள். ரிட்டயர் ஆன தலைமையாசிரியைக்கு இவ்வளவு தலைக்கனமா என்று ஒருவர். இன்னொருவர் நுரை பொங்கும் செம்பின் படத்தைப் போட்டு, அந்தக் காலத்துப் பால் இனி வருமா என்று உருகியிருக்கிறார். வராது ஐயா. அந்தக் காலத்துப் பாலில், பால் சங்கத்துக்குப் போகும் வழியில் இருந்த ஓடையும் கலந்திருக்கும். அதைக் குடித்துத்தான் நீங்களெல்லாம் வளர்ந்தீர்கள், இப்போது நீங்கள் எழுதுவதைப் பார்த்தாலே தெரிகிறது.

ஏன் போகவில்லை என்று ஒரே ஒரு முறை சொல்கிறேன். படித்துவிட்டு யாரும் அழுகிற பொம்மை முகம் அனுப்ப வேண்டாம்.

எனக்குப் பத்து வயசு. கீழ் கோத்தகிரிச் சரிவில் எங்கள் வீடு. வீட்டுக்குக் கீழே அரை ஏக்கருக்கும் குறைவான தேயிலை, பக்கத்தில் தகரம் போட்ட கொட்டகை, கொட்டகையில் செவந்தி என்று ஒரே ஒரு ஜெர்சிக் கலப்பு மாடும் அதன் கிடாரிக் கன்றும். அப்பா எஸ்டேட் ஃபேக்டரியில் இலை வாட்டும் இடத்தில் வேலை பார்த்தார். மாட்டைப் பொறுத்தவரை அவர் செய்த ஒரே காரியம், பால் சங்கத்தில் உறுப்பினராக இருந்தது. புல் அறுப்பது, தண்ணி காட்டுவது, சாணி வாருவது, கறப்பது, கறந்ததைச் சுமந்துகொண்டு மேடேறிப் போய் ஊற்றுவது எல்லாம் அம்மா. சங்கத்து நோட்டில் மட்டும் அப்பா பேர்.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் ஊரில் எந்தக் கொட்டகையில் மாடு ஈன முடியாமல் தவித்தாலும் அம்மாவைத்தான் கூப்பிட வருவார்கள். "மாட்டுக்காரம்மா இருக்காங்களா?" என்று வாசலில் குரல் கேட்டால், செய்துகொண்டிருக்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, கைக்கு எண்ணெய் தடவிக்கொண்டு போவாள். மாட்டின் காதைத் தொட்டுப் பார்த்தே காய்ச்சல் இருக்கிறதா என்று சொல்லுவாள். சாணியை முகர்ந்து பார்த்து, நேற்று என்ன தின்றது என்பாள். அந்த ஊரில் அப்பா வழியாக வராமல் அவளுக்கென்று தனியாக இருந்தது அந்தப் பேர் ஒன்றுதான். ஒரு பெண்ணுக்கு வேறு எதுவும் மிச்சம் வைக்காத ஊர் அது.

எனக்கு அந்தப் பேரைக் கேட்டாலே கூச்சம். நான் வகுப்பில் முதல் மாணவி. டீச்சருக்குச் சாக்பீஸ் டப்பா எடுத்துக்கொண்டு போகிறவள். அப்படிப்பட்டவளை 'மாட்டுக்காரம்மா புள்ள' என்று கூப்பிட்டால் எப்படி இருக்கும்? அம்மாவின் சேலையில் எப்போதும் புல்வாடையும் புண்ணாக்கு வாடையும் இருக்கும். பள்ளிக்கூட வழியில் எதிரே வந்தால் நான் தேயிலைச் செடிகளுக்குள் இறங்கி வேறு தடத்தில் போயிருக்கிறேன். ஒரு முறை இல்லை, பல முறை.

அந்த வருஷம் பனி கொஞ்சம் அதிகமாகவே விழுந்தது. மாசி பிறந்தபோது மேட்டுப் புல்லெல்லாம் கருகி, மிதித்தால் நொறுங்கியது. அம்மா சோலை ஓரம் வரைக்கும் போய், காட்டெருமை நிற்கிறதா என்று ஒரு கண்ணை அந்தப் பக்கம் வைத்துக்கொண்டே புல் அறுத்துவந்தாள். அப்படியும் செவந்தி பாதிப் பால்தான் கொடுத்தது. ஊர் முழுக்க அதே கதைதான். சங்கத்துக்குப் பால் குறைந்ததும் செயலாளருக்குக் கவலை வந்துவிட்டது. புல்லை வரவழைக்க அவரால் ஆகாது, அதனால் ஒரு ஆளை வரவழைத்தார்.

அவரைத் தீவன வாத்தியார் என்று ஊரில் சொன்னார்கள். கீழே சமவெளியிலிருந்து வந்தவர். குரங்குக் குல்லா, அதற்கு மேல் மஃப்ளர், அதற்கும் மேல் நடுக்கம். சர்ச்சை ஒட்டிய சண்டே ஸ்கூல் கூடத்தில்தான் கூட்டம். உறுப்பினர்கள் வரவும் என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். உறுப்பினர்கள் என்றால் ஆண்கள். வாழ்நாளில் ஒரு பிடி புல் அறுக்காத நாற்பது பேர் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து, டீயும் வர்க்கியும் வாங்கிக்கொண்டு, மாட்டுக்கு எப்படித் தீனி போடுவது என்று கற்றுக்கொண்டார்கள். தீனி போடுகிறவர்கள் புல்லுக்கட்டோடு சன்னலுக்கு வெளியே நின்றார்கள். இதில் ஏதோ கோணலாக இருக்கிறது என்று அந்தக் கூடத்தில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். அதனால் குறிப்பெழுத என்னைக் கூட்டிப்போயிருந்தார். முதல் பெஞ்சில், கோடு போட்ட நோட்டோடு நான். வாத்தியார் என் நோட்டை எடுத்துத் தூக்கிக் காட்டி, "இந்தப் பாப்பா கையெழுத்தைப் பாருங்க, முத்து முத்தா இருக்கு" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு நான் அவருடைய அடிமையாகிவிட்டேன். அத்தனை மலிவாகப் போனேன்.

அவர் ஒரு மாட்டுப் படத்தை ஆணியில் மாட்டினார். வயிறு வெட்டித் திறந்த மாதிரி, உள்ளே நாலு அறை. "பசுங்கறது ஒரு ஃபேக்டரி. உங்களுக்கு நான் சொல்லணுமா? பச்சை இலை போட்டாத் தூள் வருதில்ல? அது மாதிரி தீனியைச் சரியாப் போட்டாப் பால் வரும்." எல்லோரும் தலையாட்டினார்கள். பசுந்தீவனம், உலர்தீவனம், அடர்தீவனம் என்று அடுக்கினார். காய்ந்து கிடக்கிற ஊரில் பசுந்தீவனம் எங்கே கிடைக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கடைசியில், "இது எல்லாத்தையும்விட முக்கியம் தாது உப்பு. தினம் ஒரு கைப்பிடி உப்பு. மாடு முதல்ல குடிக்காது, முகத்தைத் திருப்பும். வெல்லத்தைக் கரைச்சுக் கலந்துடுங்க, குடிச்சிடும்" என்றார்.

சன்னலுக்கு வெளியிலிருந்து அம்மாவின் குரல் கேட்டது. "ஏனுங்க, எந்த உப்புங்க?"

அவள் கேட்டதில் அர்த்தம் இருந்தது. அந்தக் கூடத்தில் இருந்த ஒவ்வொருவர் வீட்டிலும் இரண்டு உப்பு உண்டு. அடுப்பங்கரையில் இருப்பது ஒன்று. தேயிலைக்குப் போடும் உரம் இன்னொன்று. எங்கள் பக்கத்தில் அதற்கும் உப்பு என்றுதான் பேர். 'தோட்டத்துக்கு உப்பு போட்டாச்சா?' என்று கேட்டால் யாரும் சமையல் உப்பை நினைக்க மாட்டார்கள். இவர் சொன்னது மூன்றாவதாக ஒன்று, மாட்டுத் தீனியில் கலக்கிற சத்துப் பொடி. அதை அவர் கையில் கொண்டுவந்து காட்டவும் இல்லை.

வாத்தியார் சன்னலைப் பார்த்துச் சிரித்தார். "உப்புன்னா உப்புதாம்மா. உங்க வீட்டுல எத்தனை உப்பு வெச்சிருக்கீங்க?"

நாற்பது பேரும் சிரித்தார்கள். பதில் தெரிந்த நாற்பது பேர். அப்பா திரும்பிப் பார்த்து, "நீ ஊட்டுக்குப் போ மொதல்ல" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். நான் நோட்டில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டேன். தாது என்ற சொல் எனக்குப் புரியவில்லை. புரியாததைக் கேட்டால் முத்துக் கையெழுத்துக்கு இழுக்கு என்று நினைத்து, அந்தச் சொல்லை விட்டுவிட்டு, 'உப்பு - ஒரு பிடி, வெல்லம் கலந்து' என்று அழகாக எழுதி அடிக்கோடும் போட்டேன்.

ஒரு வாரம் கழித்துச் சங்கத்தில் உப்பு வந்துவிட்டது என்றார்கள். சங்கத்தின் ஸ்டோர் ரூம் ஒன்றுதான். புண்ணாக்கு, தவிடு, தேயிலை உரம் எல்லாம் அங்கேதான், எல்லாம் சாக்கில்தான். அப்பா முதல் ஆளாகப் போய் "உப்பு குடுங்க" என்று கேட்டிருக்கிறார். செயலாளர் எப்போதும் எதை உப்பு என்பாரோ அதை அள்ளி, நியூஸ் பேப்பரில் கட்டிக் கொடுத்திருக்கிறார். இரண்டு பேரும் பேசிக்கொண்டது ஒரே வார்த்தைதான்.

மறுநாள் காலை அம்மா பொட்டலத்தைப் பிரித்தாள். வெள்ளை வெளேரென்று, ஜவ்வரிசியைவிடச் சின்னக் குருணை. ஒன்றை எடுத்து நுனி நாக்கில் வைத்துத் துப்பினாள்.

"ஏனுங்க, இது கசக்குது. நாக்கு சில்லுங்குது. தோட்டத்து உப்பாட்டம் இருக்குதுங்க."

"செயலாளரே கையால அள்ளிக் குடுத்தாரு. நீ பெரிய டாக்டரு, சொல்ல வந்துட்டா" என்றார் அப்பா, ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டே. "ஒரு பிடியெல்லாம் பத்தாது. ரெண்டு பிடி போடு. ரெண்டு பங்கு உப்பு வெச்சா செடி ரெண்டு பங்கு துளுக்கறதில்லயா?" இதுதான் அப்பாவின் அறிவு. பெண்டாட்டி உப்பை நாக்கில் வைத்துச் சொல்கிறாள். அவரோ தேயிலைச் செடியை வைத்து மாட்டுக்கு அளவு சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா பக்கெட்டில் அரிசி களைந்த கழுதண்ணியும் தவிடும் கரைத்து, வெல்லம் போட்டு வைத்திருந்தாள். வெதுவெதுப்பாக ஆவி வந்தது. பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். நான் ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தேன்.

"கண்ணு, நீ எழுதுனயல்ல. அதக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு."

படித்தேன். உப்பு, ஒரு பிடி, வெல்லம் கலந்து.

"எந்த உப்புன்னு போட்டிருக்குது சாமி?"

பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிட்டது. கூடத்தில் எல்லோரும் சிரித்தது இன்னும் காதில் இருந்தது. வாத்தியார் சொன்ன அதே ராகத்தில், உதட்டைக்கூட அவரைப் போலவே சுழித்துக்கொண்டு சொன்னேன். "உப்புன்னா உப்புதாம்மா. உனக்கு எத்தன வாட்டி சொல்றது?"

அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் இன்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "செரி. படிச்ச புள்ள நீ சொன்னா செரியாத்தே இருக்கும்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னாள். ஒரு பிடி போட்டாள். கொஞ்சம் தயங்கி இரண்டாவது பிடியும் போட்டுக் கையை விட்டுக் கலக்கினாள். "என்ன புள்ள, தண்ணி இப்பிடிச் சில்லுனு ஆகுது" என்றாள். நான் புத்தகப் பையை மாட்டிக்கொண்டேன்.

செவந்தி முகத்தைத் திருப்பியது. வாத்தியார் சொன்னபடியே. வெல்லத்துக்கு ஆசைப்பட்டு, அதுவும் வாத்தியார் சொன்னபடியே, குடித்துவிட்டது.

நான் பாதி மேடுகூட ஏறியிருக்க மாட்டேன். அந்தக் கத்தலைக் கேட்டுத் திரும்பி ஓடிவந்தேன். செவந்தியின் காது, தோள், தொடை எல்லாம் துடித்துக்கொண்டிருந்தது. வாயில் நுரை. பல்லை நறநறவென்று கடித்தது. வயிறு ஒரு பக்கம் தம்பட்டம் மாதிரி எழும்பிக்கொண்டே வந்தது. அம்மா எண்ணெயைப் புகட்டப் பார்த்தாள், வயிற்றை அமுக்கினாள், கயிற்றை அறுத்து வெளியே இழுத்தாள். ஊரில் எல்லா மாட்டுக்கும் வைத்தியம் பார்த்தவள், தன் மாட்டைக் கட்டிக்கொண்டு, "என்னம்மா குடுத்தேன் உனக்கு, என்னம்மா குடுத்தேன்" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். முன்னங்கால் இரண்டும் விறைத்து, அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது. பிறகு அதிக நேரம் ஆகவில்லை.

மாட்டு டாக்டர் கோத்தகிரியிலிருந்து வந்துசேர உச்சி வேளையாகிவிட்டது. செத்த மாட்டைப் பார்த்தார், பக்கெட்டை முகர்ந்தார், நியூஸ் பேப்பரில் ஒட்டியிருந்த குருணையை விரலில் எடுத்துப் பார்த்தார். "இது யூரியா. தோட்டத்துக்குப் போடறது. ஒடனே புளிச்ச காடி நிறைய ஊத்தியிருந்தா ஒருவேளை நின்னிருக்கும். யார் குடுத்தா இதை?" என்றார்.

அதற்குள் அப்பா வந்துவிட்டார், செயலாளரும் வந்துவிட்டார். பாதி ஊரும் வந்துவிட்டது. செயலாளர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "நாங்க குடுத்தது நல்ல உப்புங்க. தோட்டத்துக்கு வாங்கி வெச்சிருந்த பொட்டலத்த அம்மிணி மாத்தி எடுத்துப் போட்டாங்களாட்டம் இருக்குது" என்றார்.

வீட்டில் வேறு பொட்டலமே கிடையாது. மழை விழாமல் யாரும் தேயிலைக்கு உப்பு வாங்க மாட்டார்கள். அது செயலாளருக்குத் தெரியும், டாக்டரைத் தவிர அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். அப்பாவுக்கு மிக நன்றாகத் தெரியும். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு, "ஆமாங்க. அவளுக்கு எழுத்துத் தெரியாதுங்க" என்றார். அந்தப் பொட்டலத்தின் மேல் ஒரு எழுத்தும் இல்லை, அது பழைய நியூஸ் பேப்பர்.

அம்மா நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தாள். நான் என் ஷூவைப் பார்த்தேன். கன்று பக்கெட்டுப் பக்கம் போனது. அம்மா எழுந்து போய் மிச்சத்தைக் குழியில் கொட்டி, பக்கெட்டை மூன்று தரம் கழுவினாள்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் ஊரில் இரண்டும் ஓரிடத்தில் போய்ச் சேர்ந்தன. 'மாட்டுக்காரம்மா' என்று வாசலில் யாரும் கூப்பிடவில்லை. சொந்த மாட்டுக்கே உப்பு மாற்றிப் போட்டுக் கொன்றவளை எவன் தன் கொட்டகைக்குள் விடுவான்? பங்குனியில் மேல் வீட்டு மாடு ஈன முடியாமல் காலையிலிருந்து கத்திக்கொண்டிருந்தது. அம்மா கையில் எண்ணெயைத் தடவிக்கொண்டு பின்கதவில் நின்றாள். ஆள் வரவில்லை. அவர்கள் கோத்தகிரிக்கு ஆள் அனுப்பி, கம்பவுண்டர் வந்து, கன்று செத்துத்தான் வெளியே வந்தது. அம்மா எண்ணெய்க் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய் அரிசி களைந்தாள். ஒரே ஒரு ஆள் வாயைத் திறந்திருந்தால் அந்தக் கன்று பிழைத்திருக்கும். அந்த ஆளுக்கு அன்றைக்குக் கணக்குப் பரீட்சைக்குப் படிக்க வேண்டியிருந்தது.

முதல் மழை விழுந்து புல் தலையெடுத்த பிறகு வாத்தியார் மறுபடி வந்தார். அதே கூடம். இந்த முறை பெண்களும் உள்ளே வரலாம் என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார்கள், பின்னால் நிற்கலாம். வாத்தியார் புதுசாக ஒரு படம் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அதில் மூன்று பொட்டலம். சாப்பாட்டு உப்பு, தோட்டத்து உப்பு, தாது உப்பு. கோலால் ஒவ்வொன்றாகத் தட்டி, "உப்புன்னா ஒண்ணு இல்லீங்க, மூணு இருக்கு. எந்த உப்புன்னு கேட்டு வாங்கணும். கேக்காம வாங்கினா என்ன ஆகும்னு இந்த ஊருக்கே தெரியும்" என்றார். அம்மா சன்னலுக்கு வெளியே நின்று கேட்ட கேள்வியை அந்த மனுஷர் தன் பாடமாக்கிவிட்டார். அவருக்கு அது உறைத்ததாகவே தெரியவில்லை. இன்றைக்கும் இந்த முகாம்களில் அப்படித்தான், கேட்டவள் பின்னால் நிற்பாள், கேட்டுக்கொண்டவன் மைக்கில் பேசுவான்.

"அந்த அம்மா வந்திருக்காங்களா?" என்று கேட்டார். செயலாளர் கையைக் காட்டினார். "முன்னால வாங்கம்மா. பயப்படாதீங்க. உங்க வாயால சொன்னா நாலு பேருக்குப் பிரயோஜனம்."

அம்மா வந்தாள். அந்தக் கூடத்துக்குள் அவள் முன்வரிசைக்கு வந்தது அன்றுதான். என் பெஞ்சிலிருந்து இரண்டடி தூரத்தில் நின்றாள். சேலையில் இப்போது புல்வாடை இல்லை, சோப்பு வாடை வந்தது. சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். 'நான் கேட்டேன், இந்தப் புள்ளதான் சொல்லுச்சு' என்று ஒரு விரலை நீட்டினால் போதும், அவள் பேர் அவளுக்குத் திரும்பக் கிடைத்துவிடும். சொல்ல எல்லா உரிமையும் அவளுக்கு இருந்தது.

"என்னம்மா ஆச்சு அன்னிக்கு? சொல்லுங்க" என்றார் வாத்தியார்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. படத்தில் இருந்த மூன்று பொட்டலத்தையும் ஒரு நிமிஷம் பார்த்தாள்.

"எனக்குத் தெரியலீங்க. நாம்பாட்டுக்கு மாத்திப் போட்டுட்டனுங்க. யாரையும் கேக்கலீங்க" என்றாள்.

"பாத்தீங்களா, தப்பை எவ்வளவு தைரியமா ஒத்துக்கிட்டாங்க! இந்த அம்மாவுக்கு ஒரு கைதட்டு குடுங்க" என்றார் வாத்தியார். செயலாளர் தட்டினார். அப்பா தட்டினார். நாற்பது பேரும் தட்டினார்கள். எனக்கு அப்பாடா என்று இருந்தது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தபடி நானும் தட்டினேன், எல்லோரும் நிறுத்திய பிறகும் தட்டினேன்.